விருப்பத் தொழிலும் இணையச் சந்தையும்

சென்ற மாதம் நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு பஞ்சாயத்தில் கூட்டம் முடிந்து எழுந்திருக்கும் வேளையில், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் வியாபாரம் செய்து பணம் சம்பாதிக்கலாம் என்கிறார்களே ஐயா, எந்தத் தொழிலைத் தொடங்கினால் இலாபம் வரும்? அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். கூடியிருந்தோர் அனைவரும் நமது முகத்தையே நோக்கினர். நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியையே எண்ணிப் பார்த்தோம். கேள்வியைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. "எந்தத் தொழிலில் இலாபம்?" என்பதற்கு முன்னால், "எந்த வேலையை நீங்கள் விரும்பிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருத்தல் வேண்டும். அவருக்கும் அவரைப் போன்ற ஏனைய அன்பர்களுக்கும் விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

குடிசைத் தொழிலின் பழைய நோய் யாது என்பது கிராமத்தில் பிறந்த அனைவருக்கும் தெரியும். பொருளைச் செய்யும் கை இங்கே இருந்தது. வாங்கும் பை நகரத்தில் இருந்தது. இடையில் நின்ற தரகரிடமே இலாபத்தின் பெரும்பகுதி தங்கிற்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற நாள் முதலாகவே, கைத்தொழிலுக்குச் சந்தை தேடித் தருவது எப்படி என்பது அலுவலர்களுக்கு ஒரு தீராத தலைவலியாக இருந்துவந்திருக்கிறது. இன்று அந்நிலை ஓரளவு மாறியுள்ளது. 2016ஆம் ஆண்டில் யூ.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை வந்தபின், சென்னையில் இருப்பவர் அனுப்பும் பணம் கணப்பொழுதில் நம் ஊரார் வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், இணைய அங்காடிகள் ஆகியவற்றின் வாயிலாக வீட்டுத் திண்ணையே கடையாகிவிட்டது. சந்தை வாயிலுக்கு வந்துவிட்டது உண்மை. ஆனால் வாயிலுக்கு வந்த சந்தையில் எதை வைப்பது, எந்த விலைக்கு வைப்பது என்பனவற்றில்தான் பலர் தடுமாறுகின்றனர். நாமும் தடுமாறியிருக்கின்றோம்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர், நமது வட்டாரத்தின் ஒரு கிராமத்தில் மகளிர் குழுவைச் சேர்ந்த 20 பெண்மணிகளுக்குப் பினாயிலும் சோப்புத் தூளும் தயாரிக்கும் பயிற்சியை நடத்தினோம். அத்தொழிலை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்டால், உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பயிற்சியாளர் கிடைத்தார், நிதி இருந்தது, ஆண்டு முடிவதற்குள் பயிற்சியை முடித்தாக வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணிகளுள் ஒருவரிடமேனும், "அம்மா, உங்களுக்கு எந்த வேலையில் மனம் செல்லும்?" என்று நாம் கேட்கவில்லை. பதிவேட்டில் 20 கையெழுத்துகள் விழுந்தன. நமக்கும் மனநிறைவு உண்டாயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அவ்வூருக்குச் சென்றபோது, கரைசல் கலக்கும் பீப்பாய் பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்புறம் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் யாரோ வடகம் காயவைத்திருந்தனர்.

அப்பெண்மணிகளைக் குறை கூற இயலாது. தெருவுக்குத் தெரு கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருளை, விருப்பமும் இல்லாமல் அனுபவமும் இல்லாமல், எத்தனை நாளைக்குத்தான் செய்வார்கள்?

ஆயினும் அந்தப் பயிற்சியின்போது ஒரு காட்சி நம் நினைவில் நின்றுவிட்டது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, பயிற்சியாளர் பேசிக்கொண்டிருக்கையில், மடியில் வைத்திருந்த பனையோலையைக் கீழே பாராமலே முடைந்துகொண்டிருந்தார். மாலையில் பயிற்சி முடிந்தபோது அவர் கையில் ஒரு சிறு கொட்டான் முடிவடைந்திருந்தது. கண்டிப்பதற்காக அருகிற் சென்ற நாம், அந்தக் கொட்டானின் விளிம்பைக் கண்டதும் பேசாமல் திரும்பினோம். அவ்வளவு ஒழுங்காக இருந்தது. தம் பாட்டியிடமிருந்து கற்றதாகச் சொன்னார். இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் பாடம் பெரும்பாலும் அந்த அம்மையாரிடமிருந்து நாம் பெற்றதேயாகும்.

ஓலைப்பெட்டி சொல்லும் கணக்கு

பனை நமது மாநில மரம். இராமநாதபுரம், தூத்துக்குடி முதலிய வறண்ட மாவட்டங்களில் அது மிகுதியாக வளர்கிறது. பெட்டி முடைவதற்கு முதிர்ந்த ஓலை உதவாது. மரத்தின் உச்சியிலிருந்து வெட்டப்படும் குருத்தோலையே வேண்டும். அதனை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமுள்ள நாடாக்களாகக் கிழித்து, வேண்டியவற்றைக் கொதிக்கும் சாயநீரில் தோய்த்து எடுக்க வேண்டும். முடையும்போது ஓலை சற்று ஈரமாக இருத்தல் அவசியம். இல்லையேல் மடிப்பில் ஒடியும். முடைந்து முடித்த பின்னரோ ஈரம் துளியும் இருத்தலாகாது. இந்த ஒரு விதியை மறந்ததனால் விளைந்த தீங்கைப் பின்னர்ச் சொல்லுவோம். செட்டிநாட்டுக் கொட்டான் இவ்வகைக் கைத்தொழிலில் பெயர் பெற்றது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. மறைந்துவிடும் நிலையிலிருந்த அக்கலை மீண்டும் தழைத்ததும் பெண்களின் கைகளாலேதான்.

நமது அம்மையாரின் மகள் பள்ளி இறுதி வகுப்பில் பயின்றுவந்தாள். அவள் ஒரு நாள் தாயின் பெட்டிகளைக் கைப்பேசியில் படம் பிடித்து, இன்ஸ்டாகிராமில் இட்டாள். முதலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் வைத்து எடுத்த படம் அது; பெட்டி பெரிதா சிறிதா என்பதுகூடப் புலப்படவில்லை. பின்னர் சாணமிட்டு மெழுகிய தரையில், காலை வெயிலில், பெட்டிக்குள் ஒரு பித்தளைத் தம்ளரை வைத்து எடுத்தாள். அளவு விளங்கிற்று, நிறமும் விளங்கிற்று. விசாரணைகள் வரத் தொடங்கின. இணையத்தில் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாதவர் என்பதை மறவாமல் படம் எடுத்தல் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதிவிட்டால் பாதிச் சந்தேகங்கள் அப்பொழுதே தீர்ந்துவிடும்.

ஐப்பசி மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு திருமண வீட்டார் தாம்பூலத்துக்கென 60 பெட்டிகள் கேட்டனர். அனுப்பும் செலவு உட்பட ஒன்றுக்கு 110 ரூபாய் என்று விலை முடிந்தது. மொத்தம் 6,600 ரூபாய்! வீட்டில் ஒரே மகிழ்ச்சி. ஓலை வாங்கக் கையில் பணம் இல்லாமையால் அம்மையார் தம் கம்மலை அடகு வைத்தார். இரவும் பகலும் முடைந்தார். அடைமழை பெய்துகொண்டிருந்தது, கடைசியாக முடைந்த பெட்டிகள் நன்றாக உலரவில்லை. ஆயினும் நாள் நெருங்கிவிட்டபடியால் பாலித்தீன் உறைகளில் இட்டுக் கட்டி அனுப்பிவிட்டனர். மூன்றாம் நாள் அங்கிருந்து படம் வந்தது. 18 பெட்டிகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. அவற்றுக்குரிய பணத்தைத் திருமண வீட்டார் கழித்துக்கொண்டனர். அது நியாயமே.

அம்மையாரின் கணவர் நமது அலுவலகத்துக்கு வந்து, "இந்தக் கைப்பேசி வியாபாரம் வேண்டாம் என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள் ஐயா, கம்மலை எப்படி மீட்பது?" என்று கேட்டபோது, பயிற்சி நடத்திய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு என்றே தோன்றிற்று. அவர் வீட்டுக்குச் சென்று, பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, மூவருமாக அமர்ந்து கணக்கு எழுதினோம்.

வரவு 6,600 ரூபாய். ஓலையும் சாயமும் பெட்டி ஒன்றுக்கு 30 ரூபாயாக 1,800 ரூபாய். அட்டைப் பெட்டிகள் மூன்றுக்கு 300 ரூபாய். கூரியர் செலவு 2,250 ரூபாய். கழித்துக்கொள்ளப்பட்ட 18 பெட்டிகளுக்கு 1,980 ரூபாய். எஞ்சியது 270 ரூபாய். பெட்டி ஒன்று முடைய 4 மணி நேரம் பிடிக்கும் என்றார்; அவ்வாறாயின் 60 பெட்டிகளுக்கு 240 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றே மேல்! அடகுக் கடை வட்டியை நாம் கணக்கிற் சேர்க்கவே இல்லை. அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "என் கைவேலைக்குக் கூலி போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. பிடித்துச் செய்கிற வேலைதானே" என்றார்.

விருப்பத் தொழிலின் சிறப்பும் ஆபத்தும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றன. விருப்பமுள்ள வேலையில் கை சலிப்பதில்லை. அறுபதாவது பெட்டியின் விளிம்பும் முதற்பெட்டியின் விளிம்பைப் போலவே இருக்கும். பினாயில் பீப்பாயில் நாம் காணாத பொறுமை அது. ஆனால் அதே விருப்பம் உழைத்த நேரத்தை மறைத்துவிடுகிறது. பிடித்துச் செய்வதனால் அதனை உழைப்பென்றே உழைப்பவர் எண்ணுவதில்லை; வாங்குபவரும் எண்ணுவதில்லை; வீட்டிலுள்ள ஆடவரும் எண்ணுவதில்லை. விரும்பும் தொழிலை வியாபாரமாக்க முற்படுவோர் முதற்கண் செய்ய வேண்டுவது, தம் உழைப்புக்கு மணிக் கணக்கில் கூலி எழுதிக்கொள்வதேயாம். அக்கூலி செலவின் பகுதி, இலாபத்தின் பகுதியன்று. ஆளை வைத்துக் களையெடுத்தால் கூலி கொடுக்கிறோம். வீட்டாரே களையெடுத்தால் செலவில்லை என்று கருதுகிறோம். விவசாயத்திலும் இதே பிழையைப் பன்னெடுங்காலமாகச் செய்துவருகிறோம் என்பதை விவசாய அன்பர்கள் உணர்வார்கள்.

கூரியர் செலவு அவ்வளவு ஏறியது ஏன் என்பதையும் ஆராய்ந்தோம். பெட்டி ஒன்றின் எடை 150 கிராம். ஓர் அட்டைப் பெட்டியில் 20 வைத்தாலும் 3 கிலோதான். ஆனால் இலேசான பெரிய பொருள்களுக்குக் கூரியர் நிறுவனங்கள் தராசின் எடையைப் பார்ப்பதில்லை. இடத்தின் எடையைப் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். சில வேறு எண்ணால் வகுப்பதும் உண்டு. 60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்குக் கணக்கிட்டால் 30 கிலோ வருகிறது. 3 கிலோ ஓலைக்கு 30 கிலோவின் கட்டணம்! உள்ளே இருந்தது பெரும்பாலும் காற்றுத்தான். அந்தக் காற்றைச் சென்னைக்கு அனுப்ப அம்மையார் பணம் கட்டியிருக்கிறார்.

இதற்கு வழி கண்டவரும் அவரே. ஒன்றனுள் ஒன்று அடங்குமாறு மூன்று அளவுகளில் முடைந்து, மூன்றையும் ஓர் அடுக்காக விற்கலாம் என்றார். அவர் பாட்டி காலத்தில் அவ்வாறு அடுக்குப் பெட்டிகள் செய்வது வழக்கமாம். 22 செ.மீ. நீள அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள அட்டைப் பெட்டியில் ஓர் அடுக்கு முழுதும் அடங்கிற்று. கணக்கிடப்படும் எடை 2 கிலோவுக்குள் நின்றது. விலையையும் புதிதாக எழுதினோம். ஓலை, சாயம் 70 ரூபாய். 9 மணி நேர உழைப்புக்கு மணிக்கு 45 ரூபாயாக 405 ரூபாய். கட்டுமானமும் அனுப்பும் செலவும் 120 ரூபாய். சேதாரத்துக்கு 30 ரூபாய். இலாபம் 75 ரூபாய். ஆக 700 ரூபாய். அம்மையார் திகைத்தார். "இவ்வளவு விலை சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்றார். அவர் ஐயம் முற்றிலும் தவறன்று. முதல் இரண்டு மாதங்களில் 6 அடுக்குகள்தாம் விற்றன. மலிவாகக் கேட்டவர்கள் போய்விட்டார்கள். ஆனால் வாங்கியவர்கள் தம் உறவினருக்குச் சொன்னார்கள். ஓராண்டு கழிந்தபின் மாதம் 15 அடுக்குகள் வரையில் சென்றன. கூலியும் இலாபமுமாக 7,200 ரூபாய் கையில் நின்றது. இது பெருஞ்செல்வம் அன்று. கைப்பேசியில் மாதம் இலட்சம் ரூபாய் என்று விளம்பரம் செய்வோர் இதைக் கேட்டால் நகைப்பர். ஆனால் கம்மல் மீண்டது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

விருப்பத்தை அறிவது எப்படி?

எனக்கு விருப்பமான வேலை இது என்று பலர் கூறுவது, உண்மையில் அவர்கள் பார்த்து மகிழும் வேலையேயன்றிச் செய்து மகிழும் வேலையன்று. முறுக்கு உண்பதில் விருப்பம் வேறு. வெயிற்காலத்தில் அடுப்பின் முன் நின்று முறுக்குச் சுடுவதில் விருப்பம் வேறு. நாம் இரண்டு அடையாளங்களைக் கண்டிருக்கிறோம். அண்டை அயலார் எதற்காக உங்களைத் தேடி வருகின்றனர் என்று பாருங்கள். ஊறுகாய் போடும் பக்குவம் கேட்டு வருகிறார்களா, இரவிக்கை தைக்க வருகிறார்களா, மாங்கன்று ஒட்டுக்கட்டித் தரும்படி வருகிறார்களா? பணம் பெறாமலே நீங்கள் செய்து கொடுத்துவரும் அந்த வேலையில் தொழிலின் வித்து இருக்கக்கூடும். இன்னோர் அடையாளம், செய்தது கெட்டுப்போனால் மனம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது. எரிச்சலுடன் ஒதுக்கிவைத்தால் அது உங்கள் தொழில் அன்று. எங்கே தவறிற்று என்று அன்றிரவே மீண்டும் செய்து பார்க்கத் தோன்றினால் அதைத் தொடரலாம். பூஞ்சணம் பிடித்த பெட்டிகளின் படத்தைக் கண்ட நமது அம்மையார் அழுதார் என்பது மெய். ஆனால் மறுநாளே நான்கு பெட்டிகளை நான்கு விதமாக உலர்த்திச் சோதித்தார் என்பதும் மெய். இப்போது அவர் பாலித்தீன் உறையைத் தொடுவதில்லை, காகிதத்திலேயே கட்டுகிறார்.

விற்பதற்குக் கைப்பொருளே வேண்டும் என்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தார், தாத்தாவும் பேரன்மாருமாகச் சேர்ந்து, வயல்வெளியில் பெரிய பாத்திரங்களில் சமைப்பதைப் படம் பிடித்து 2018ஆம் ஆண்டு முதல் யூடியூபில் வெளியிட்டு வந்ததை அன்பர்கள் அறிவார்கள். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் அந்தத் தமிழ் அலைவரிசை 2021ஆம் ஆண்டில் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிற்று. தமிழில் அந்த எண்ணிக்கையை முதன்முதல் எட்டியது அதுவே. அவர்கள் நகரத்துச் சமையலை நாடவில்லை. தங்களுக்குத் தெரிந்த சமையலைத் தங்கள் ஊரிலேயே செய்தார்கள். இதனைப் படித்துவிட்டு உடனே எல்லோரும் அண்டாவும் கையுமாக வயலுக்குப் புறப்பட வேண்டா! யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கே 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருத்தலும் பொதுவாக வேண்டியவை. அதுவரையில் ஊதியமின்றிச் செய்யும் மனம் உள்ளவருக்கே அது ஏற்றது. ஆடு வளர்ப்பிலோ, நாற்றங்காலிலோ, பம்புசெட்டுப் பழுது பார்ப்பதிலோ தேர்ந்தவர், தம் ஊர் வழக்குத் தமிழிலேயே அதை விளக்கிப் பேச விரும்புவாரானால், கேட்பதற்கு ஆட்கள் இருக்கின்றனர்.

தொடங்குமுன் அறிய வேண்டியவை

சட்ட விவகாரங்களை விரித்துரைத்தால் வாசகர்களுக்குச் சலிப்புண்டாகும். ஆயினும் சிலவற்றைச் சொல்லாமல் விடுவது பிழை. வீட்டுச் சமையலறையில் செய்தாலும், விற்பனைக்கான உணவுப்பொருளுக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்றே ஆக வேண்டும். பொடி, ஊறுகாய், வற்றல் எதுவாயினும் உறையின்மேல் பதிவு எண், சேர்பொருள்கள், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், செய்தவர் பெயர் முகவரி, வரிகள் உட்பட்ட உயர்ந்தபட்ச விலை முதலியன இருத்தல் அவசியம். கால் கிலோ என்று எழுதினால் உறையின் எடை நீங்கலாகக் கால் கிலோ இருத்தல் வேண்டும்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைபெற்று வருகிறது. அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. நமது வட்டாரத்தில் இதற்கென 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டவர்களை நாம் அறிவோம். எழுதிக் கொடுத்ததற்குச் சிறு கூலி பெறுவது வேறு. அரசுக் கட்டணம் என்று பொய் சொல்லி வாங்குவது வேறு. இணைய அங்காடிகளில் விற்போர் சரக்கு, சேவை வரிப் பதிவு பெற வேண்டும் என்னும் கட்டாயம் முன்பு அனைவருக்கும் இருந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல், வரம்புக்கு உட்பட்டுத் தம் மாநிலத்துக்குள் மட்டும் பொருளை விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு அக்கட்டாயம் நீக்கப்பட்டது. பதிவுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். வெளிமாநிலத்துக்கு அனுப்ப எண்ணுவோர் வரி அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே தொடங்குதல் நலம்.

பெரிய இணைய அங்காடிகள் தரகு கொள்கின்றன. வாடிக்கைக்காரர் திருப்பியனுப்பும் சரக்கின் செலவும் பல வேளைகளில் விற்பவர் தலையில் விழுகிறது. பொருள் கையில் வந்தபின் பணம் கொடுக்கும் முறையில் இந்தத் தொல்லை அதிகம். ஆகவே முதல் ஆண்டில் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று வாட்ஸ்அப் வழியே முன்பணம் பெற்று விற்பதே மேல் என்பது நமது கருத்து. முதல் ஆறு மாதங்களுக்குக் கடன் வாங்கவும் வேண்டா. கடன் வசதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு எழுதிப் பழகாத கையில் கடன் நில்லாது.

மோசடியைப் பற்றி ஒரு சொல். 'பொருளுக்குப் பணம் அனுப்புகிறேன், உங்கள் இரகசிய எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று யாரேனும் சொன்னால் அவர் திருடரே. யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்கு மட்டுமே தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணம் மீள்வது அரிதாகும்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து என்ன தொழில் தொடங்க வேண்டும் என்று சிலர் நம்மிடம் கேட்கின்றனர். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பஞ்சாயத்து ஏற்கவே வேண்டா. நாம் அதைச் செய்து பட்டது போதும். மாறாக, ஊரில் யார் எதை நன்றாகச் செய்கிறார் என்று ஒரு பட்டியல் எழுதலாம். தெருத் தெருவாகச் சென்று கேட்டால் இரண்டு நாள் வேலை. அந்தப் பட்டியலைக் கண்டால் அங்கத்தினர்களே வியப்படைவார்கள். நூலகக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ இணைய வசதியும், எடை போட ஒரு மின்தராசும், பொருளைக் கட்ட ஒரு மேசையும் வைத்துக் கொடுக்கலாம். அனுப்பவேண்டிய பொட்டலங்களை ஊர் முழுவதற்குமாக ஒன்றுசேர்த்துத் தபால் நிலையத்துக்கு எடுத்துச்செல்ல ஓர் ஏற்பாடு இருந்தால், ஒவ்வொருவரும் பேருந்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

மூலப்பொருளைக் காப்பதும் பஞ்சாயத்தின் பொறுப்பே. 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென முதன்முதல் தனி நிதிநிலை அறிக்கை வைக்கப்பட்டபோது, பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சித் தலைவரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. சட்டம் மரத்தைக் காக்கலாம். குருத்தைக் காப்பது ஊரார் கையில்தான் இருக்கிறது. ஒரே மரத்தில் அடிக்கடி குருத்தெடுத்தால் மரம் நலியும். மரம் ஏறுவோரும் குறைந்துவிட்டனர். ஏரிக்கரைப் பனைகளில் எந்த மரத்தில் எப்பொழுது குருத்தெடுப்பது என்பதைப் பஞ்சாயத்தே முறை வகுத்து, ஓலை முடைவோருக்கு முன்னுரிமை அளித்தால் இரு சாராரும் பயனடைவர்.

இன்னொன்றைச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது, ஆயினும் சொல்லிவிடுகிறோம். வீட்டுத் தொழில் பெரும்பாலும் பெண்களின் தொழில். நீர் பிடித்து, சமைத்து, மாடு கட்டி, வயலுக்குச் சென்று திரும்பிய பின் எஞ்சும் நேரத்தில் அவர்கள் அதைச் செய்கிறார்கள். அந்த நேரமும் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வீட்டு வேலையை ஆடவர் ஏற்றுக்கொண்டால், அது எந்த மானியத்துக்கும் குறைந்த உதவியாகாது. நமது அம்மையாரின் கணவர், கைப்பேசி வியாபாரம் வேண்டாம் என்று நம்மிடம் வந்தவர், இப்போது மாலைவேளையில் மாட்டைத் தாமே பார்த்துக்கொள்கிறார். அட்டைப் பெட்டியின் அளவைக் கயிறு வைத்து அளப்பதும் அவர்தான்.

சென்ற ஐப்பசியில் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். வேறொரு திருமண வீட்டார் 100 பெட்டிகள் கேட்டிருந்தனராம். "கார்த்திகை முடியும்வரை முடியாது, தை மாதம் வேண்டுமானால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்" என்றார் அம்மையார். அவர்கள் ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டோம். இல்லை, வேறிடம் போய்விட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் கை முடைவதை நிறுத்தவில்லை.

தொடக்கத்தில் நம்மைக் கேள்வி கேட்ட அந்த முதிய அங்கத்தினரிடம் இவற்றையெல்லாம் நேரில் சொன்னோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, தமக்குப் பம்பு மோட்டார் பழுது பார்ப்பதைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்வதில்லை என்றும், அதை எப்படிக் கைப்பேசியில் விற்பது என்றும் கேட்டார். சென்ற வாரத்தில் மோட்டாருக்காக அவரைத் தேடி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். விரல் விட்டு எண்ணினார், ஏழு பேர். அவர்களுள் இருவர் அடுத்த ஒன்றியத்துக்காரர். கூலி எவ்வளவு பெற்றீர்கள் என்றோம். மூவரிடம் ஒன்றுமே பெறவில்லையாம், உறவுக்காரர்களாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வருபவர் பெயரையும், பழுதையும், எடுத்துக்கொண்ட நேரத்தையும் ஒரு மாதத்துக்கு எழுதிவரும்படி கூறியிருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.